தலையணைக்கடியில் துப்பாக்கி: காதல் நாவல் எழுதுவோருக்கும் அவற்றைப் படமாக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 வயதிலிருந்து காதல் நாவல் படிக்கிறவள். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த காலம் போய், இப்போது யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று படிக்கிறேன். இன்னொரு பக்கம், 11 வருடமாகப் பிஸ்டல் சுடுவதை விளையாட்டாகப் பழகுகிறேன். நான்கைந்து வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த இரண்டு பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஒரு தொந்தரவு உண்டு. ராத்திரி உங்கள் கதையைப் படித்துவிட்டுக் காலையில் சுடுபயிற்சி ரேஞ்சுக்குப் போனால், இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே பொருள்தானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

உங்கள் கதையில் வரும் துப்பாக்கிக்கு எடை கிடையாது. வேண்டுமென்றால் சத்தம் போடும், வேண்டாமென்றால் போடாது. நாயகன் கையில் இருந்தால் குறி தப்பாது. வில்லன் கையில் இருந்தால் குறி கிடைக்கவே கிடைக்காது. அவன் கோட்டைக் கழற்றும்போது இடுப்பில் தெரியும், அவளுக்கு ஒரு கணம் மூச்சு நிற்கும். பிறகு அதைத் தலையணைக்கடியில் செருகிவிட்டு அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வான். இரண்டு பேர் புரளும் படுக்கையில், தோட்டா ஏற்றிய ஒரு பிஸ்டல்! எனக்கு அந்தப் பக்கத்தோடு காதல் போய்விடும். அதன் வாய் யார் தலையைப் பார்த்துக் கிடக்கிறது என்பது மட்டும்தான் மனதில் ஓடும்.

நுணுக்கப் பிழைகளைப் பட்டியல் போட நான் வரவில்லை. ரிவால்வரின் "சேஃப்டியை விடுவித்தான்" என்று எழுதுகிறீர்கள். பெரும்பாலான ரிவால்வர்களில் விசையைப் பூட்டி வைக்கும் அப்படி ஒரு நெம்புகோலே இல்லை. நாயகன் கிளாக் பிஸ்டலை நீட்டியதும் படத்தில் 'க்ளிக்' என்று சுத்தியல் இழுபடும் சத்தம் வருகிறது. அந்தத் துப்பாக்கிக்கு வெளியே தெரியும் சுத்தியலே கிடையாது, சத்தம் ஒலிக்கூடத்தில் சேர்த்தது. கொஞ்ச காலம் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன். இப்படி ஓர் இடத்தைச் சுழித்து அனுப்பியபோது, "வாசகிகள் இதையெல்லாமா கவனிக்கப் போகிறார்கள்?" என்று பதில் வந்தது. நானும் வாசகிதானே? அதே நாவலில் நாயகியின் கவுனுக்கு என்ன லேஸ், அது எந்த வருடம் வழக்கத்துக்கு வந்தது என்பதற்கு மூன்று மின்னஞ்சல் போய் வந்தது. சரி, போகட்டும். இந்த மாதிரிப் பிழைகளால் யாரும் சாகப் போவதில்லை.

என் கவலை சத்தத்தில் தொடங்குகிறது.

முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் இயர் மஃப். அத்தனையையும் மீறி, பக்கத்துத் தடத்தில் ஒருவர் 9 மி.மீ. பிஸ்டலால் சுட்டது எனக்குக் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. கண் தானாக மூடிக்கொண்டது. சொல்லிக்கொடுத்தவர் சிரித்துவிட்டு, "கண்ணைத் திற, அந்தப் பெட்டியில இன்னும் 49 இருக்கு" என்றார். பேச்சுக் குரல் சுமார் 60 டெசிபல். 140-ஐத் தாண்டினால் ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். கைத்துப்பாக்கிகள் பொதுவாக 150-க்கும் 165-க்கும் இடையில் இருக்கின்றன. மூடிய அறையில் அது சுவரில் மோதித் திரும்பி வந்து இன்னொரு முறை அடிக்கும்.

உங்கள் நாயகனோ காருக்குள் உட்கார்ந்தபடி நான்கு முறை சுடுகிறான். உடனே திரும்பி, அவள் காதோரம் "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று கிசுகிசுக்கிறான். அவளுக்கு அது கேட்காது, சுவாமி. தலைக்குள் 'விண்' என்று ஒரு ரீங்காரம்தான் ஓடிக்கொண்டிருக்கும். அவன் வாய் அசைவதைப் பார்த்து "என்ன?" என்று கத்துவாள். அவனும் "என்ன?" என்று கத்துவான். சொல்லப்போனால், நீங்கள் எழுதியதைவிட இது நல்ல காட்சி. கண்ணாடித் தூள் மடியில், கருகிய வாடை மூக்கில், ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் இரண்டு பேர். அதில் பயமும் இருக்கிறது, நெருக்கமும் இருக்கிறது.

சைலன்சர் வைத்தால்? 1909-இல் ஹைரம் பெர்சி மாக்சிம் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இயந்திரத் துப்பாக்கி செய்த மாக்சிமின் மகன். நல்ல கருவிதான். ஆனால் அது குறைப்பது 20-இலிருந்து 35 டெசிபல் வரை. மிஞ்சியிருப்பதே பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும். தோட்டா ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழித்து அது தனியாக ஒரு வெடிப்பு வெடிக்கும். அதை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. பஞ்சில் ஊசி குத்தியதுபோல் 'பச்' என்று கேட்டு, அடுத்த அறையில் நாயகி தூங்கிக்கொண்டே இருக்கும் அந்த ராத்திரி, திரையில் மட்டும் உண்டு.

சத்தத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், சத்தம் போனதும் கூடவே பயமும் போய்விடுகிறது. பயம் போனதும் வலி போகிறது. பிறகு தோளில் குண்டு வாங்கிய நாயகன் அடுத்த அத்தியாயத்திலேயே அதே கையால் அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறான்.

தோள் என்பது சதைப் பொட்டலம் இல்லை. கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும், விரல் வரைக்கும் ஓடும் நரம்புக் கொத்தும் அந்த வழியாகத்தான் போகின்றன. குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். நரம்பு அறுந்தால் பிழைத்தாலும் அந்தக் கை சட்டைப் பொத்தானைப் போட மாட்டாது. குண்டு பட்டவன் பின்னால் தூக்கி எறியப்படுவதும் கிடையாது. சுமார் 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ மனிதனுக்குள் தங்கினால், அவனை நகர்த்தும் வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர். தவழும் குழந்தையின் வேகம்கூட இல்லை, அவ்வளவுதான். சுடப்பட்டவர்கள் பல சமயம் நின்ற இடத்திலேயே, என்ன நடந்தது என்று புரியாமல் நிற்கிறார்கள்.

அப்புறம் அந்த மருத்துவக் காட்சி. மதுவை ஊற்றிக் கழுவி, கத்தியை நெருப்பில் காட்டி, நாயகி நடுங்கும் விரலால் குண்டைத் தோண்டி எடுப்பாள், அது கிண்ணத்தில் 'டிங்' என்று விழும், அவன் பிழைத்துவிடுவான். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, அவருடைய மருத்துவர்களுக்கும் இதே நம்பிக்கைதான் இருந்தது. கழுவாத விரலையும் கருவியையும் விட்டுக் குண்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. காயத்தில் சீழ் பிடித்து, 79 நாள் கிடந்து இறந்தார். 1912-இல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. மார்புப் பையில் மடித்து வைத்திருந்த உரைத் தாள்களும் கண்ணாடிக் கூடும் அதன் வேகத்தைக் குறைத்தன. அவருடைய மருத்துவர்கள் குண்டை எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1919-இல் இறக்கும்வரை அது அவர் உடம்பிலேயே இருந்தது. இன்றைக்கும் ஆபத்தில்லாத இடத்தில் தங்கிய குண்டை அப்படியே விட்டுவிடுவது சாதாரணம். உங்கள் நாயகி செய்ய வேண்டியது, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கை வலித்தாலும் எடுக்காமல், உதவி வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான். இருபது நிமிடம் ஒருவன் ரத்தத்தைக் கையால் தடுத்துப் பிடித்திருப்பதைவிட நெருக்கம் வேண்டுமா?

இதெல்லாம் தெரியாமல்தான் எழுதுகிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் முன்னோர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கவிதை நாவல் 'யெவ்கேனி ஒனேகின்' ஆறாம் அத்தியாயத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை வருகிறது. இரண்டு நண்பர்கள், ஒரு பெண்ணை முன்னிட்டு. சுடுவதற்கு முன்னால் கவிஞர் நம்மை நிற்க வைத்துக் காட்டுகிறார்: குழலுக்குள் குண்டு இறங்குகிறது, திணிகோல் மேல் சுத்தியல் தட்டுகிறது, சாம்பல் நிற மருந்து தட்டில் சரிகிறது, திருகி இறுக்கிய சிக்கிமுக்கிக் கல் மேலெழுகிறது. ஒவ்வொரு வரியிலும் "இன்னும் நேரம் இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று நமக்குத் தோன்றும். அவர்கள் நிறுத்துவதில்லை. 1837-இல் புஷ்கினே மனைவியின் பொருட்டு அதே மாதிரி ஒரு சண்டையில் வயிற்றில் குண்டு வாங்கி, இரண்டு நாள் வேதனைப்பட்டு இறந்தார். ஈரம் பட்டால் வெடிக்காது, ஒரு முறைக்கு மேல் சுட முடியாது, சுட்டதும் புகையில் எதிராளியே தெரிய மாட்டான்: அந்தக் காலத்துப் பிஸ்டல் அப்படித்தான். சரித்திரக் காதல் கதைகளில் அதை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிச் சுடுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னொன்று: பாஸ்டர்நாக்கின் ரஷ்ய நாவல் 'டாக்டர் ஷிவாகோ'. நாவலில் லாரா தன்னைச் சீரழித்த கொமரோவ்ஸ்கியைச் சுடக் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகிறாள். சுடுகிறாள். தப்பிவிடுகிறது, சம்பந்தமில்லாத இன்னொருவருக்கு லேசான காயம். 1965-இல் வந்த படத்தில் குண்டு கொமரோவ்ஸ்கி மேலேயே படுகிறது. திரைக்கு அது வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டம் நிறைந்த அறையில், அழுத கண்ணோடு, பழக்கமில்லாத கையால் சுட்டால் என்ன நடக்கும் என்பதை நாவல் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறது! என்னிடம் பழக வருகிறவர்கள் அமைதியாக நின்று, ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், பத்து மீட்டர் தூரத்து அட்டையையே தவறவிடுகிறார்கள். நாடித்துடிப்பு ஏறினால் குழல் நுனியில் இருக்கும் முன்குறி தனியாக ஆடும். கோபத்துக்குக் குறி கிடையாது.

இனி உண்மையாகவே சண்டைக்கு வரும் இடத்துக்கு வருகிறேன்.

காதலை அகம் என்றும் போரைப் புறம் என்றும் பிரித்தவர்கள் நம் பழைய இலக்கணக்காரர்கள். அகப்பாட்டில் தலைவன் பெயரைக்கூடச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று வைத்தார்கள். உங்கள் புதுக் கதைகளில் தலைவனுக்குப் பெயர் வருவதற்கு முன்னால் துப்பாக்கி வந்துவிடுகிறது. நிழலுலகத் தலைவன், கூலிக்கொலைகாரன், மெய்க்காப்பாளன், கடத்திக்கொண்டு போனவன். அவன் அவளை நேசிக்கிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இன்னொருவன் அவளைத் தொட்டதும் துப்பாக்கியை எடுத்துவிட்டான், அதுதான். கோபம் வந்தால் ஒன்றும் பேச மாட்டான். மேசையில் உட்கார்ந்து பிஸ்டலைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பான். அவள் கதவோரம் நின்று அந்த விரல்களையே பார்ப்பாள். அந்த அத்தியாயத்துக்குத்தான் வாசகர்கள் இதயம் இதயமாகப் போடுகிறார்கள்.

'ரெபெக்கா'வை நினைத்துக்கொள்கிறேன். டாஃப்னி டு மோரியே 1938-இல் எழுதியது. கணவன் தன் முதல் மனைவி ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றதாகப் புது மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். கேட்டவளுக்குப் பெரிதாகப்படுவது கொலை இல்லை. 'அப்படியானால் இவர் அவளை நேசிக்கவே இல்லை' என்பதுதான். உடம்பு சிலிர்க்கும் இடம் அது. எழுதியவருக்கு அது தெரிந்தே இருக்கிறது. 1940-இல் ஹிட்ச்காக் படமாக்கியபோது அமெரிக்கத் தணிக்கை விதி குறுக்கே வந்தது: மனைவியைக் கொன்ற கணவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. அதனால் படத்தில் துப்பாக்கி மறைந்துபோனது. ரெபெக்கா விழுந்து தலையில் அடிபட்டு இறந்தாள். தணிக்கையை நான் கொண்டாடவில்லை, அது கதையின் முள்ளைப் பிடுங்கிவிட்டது. ஆனால் இன்றைக்கு நீங்கள் செய்வது அதைவிட விசித்திரம். துப்பாக்கியும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது, முள் மட்டும் இல்லை.

புத்தகத்துக்கு வெளியே இதே காட்சி எப்படி வாசிக்கப்படுகிறது தெரியுமா? 2003-இல் அமெரிக்காவின் 11 நகரங்களில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. துணையை அடித்து உதைக்கும் ஆணுக்குத் துப்பாக்கி எட்டும் இடத்தில் இருந்தால், அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்கு ஆகிறது என்று அது கண்டது. துப்பாக்கி உரிமைக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் அந்த நாட்டிலேயே, குடும்ப வன்முறையில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996-இல் சட்டம் வந்தது. துணையை மிரட்டியதற்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைப்பது செல்லும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. பொறாமை பிடித்த ஆண், கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி. இதைச் சட்டம் அபாயம் என்று வாசிக்கிறது, நீங்கள் அத்தியாய முடிவு என்று வாசிக்கிறீர்கள்.

ஒருமுறை ஒரு பெண் பழக வந்தாள். முப்பது வயதிருக்கும். முதல் நாள் சுடவில்லை. இரண்டாம் நாளும் சுடவில்லை. "எனக்கு இதுல தோட்டா இருக்கா இல்லையானு பாக்கத் தெரிஞ்சா போதும்க்கா" என்றாள். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுவது, மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்துப் பூட்டுவது, உள்ளே ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது, இவ்வளவும் சொல்லிக் கொடுத்தேன். மேகசினைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒரு தோட்டா இருக்கலாம் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. மூன்றாம் நாள்தான் சொன்னாள். வீட்டில் சண்டை வரும்போது கணவர் துப்பாக்கியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுப் பேசுவாராம். நீட்டியதில்லை. மிரட்டியதும் இல்லை. வைப்பார், அவ்வளவுதான். "கதையில வர்ற மாதிரி இருக்குனு மொதல்ல நெனச்சேன்" என்றாள்.

அவள் கைப்பையில் இருந்த புத்தகம் என் அலமாரியிலும் இருந்தது. அன்றைக்கு நான் அவளுக்குச் சுடுவது பற்றி ஒன்றும் பேசவில்லை. யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், எந்த எண்ணில் பேச வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்துப் பேசினாள். வேறு ஊரில் இருப்பதாகச் சொன்னாள். குரல் தெளிவாக இருந்தது.

காதல் மறுக்கப்பட்டோ பிரிந்தோ தன்னையே சுட்டுக்கொள்ளும் நாயகன் என்று இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை நான் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் நாவலில் வரும் வெர்தர், 1774; இன்னொருவன் மனைவியான லோட்டேயைக் காதலித்துத் தன்னையே சுட்டுக்கொள்கிறவன். அவன் இரவல் கேட்டனுப்பிய பிஸ்டல்களை லோட்டேதான் சுவரிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, வேலைக்காரப் பையனிடம் கொடுக்கிறாள். அவள் கை பட்டது என்று அவன் மகிழ்ந்துபோகிறான். அந்தத் தூசி துடைக்கும் கை என்னை எப்போதும் தூங்கவிடாது. ஆனால் கதே அங்கே நிற்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு மறுநாள் பகல் 12 மணி வரை அவன் கிடந்த கிடையையும் எழுதினார். அப்படியிருந்தும் வாசகர்கள் அவனைப் போலவே நீலக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டார்கள். லைப்சிக் நகரம் 1775-இல் புத்தகத்தையே தடை செய்தது. ஒரு தற்கொலைச் செய்தி இன்னொன்றைத் தூண்டுவதற்கு 1974-இல் ஓர் அறிஞர் வெர்தர் பெயரையே வைத்தார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் திரைத்துறையினருக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. முறையை விவரிக்காதீர்கள், கை கொடுக்கிறவர்களைக் காட்டுங்கள் என்பது அதன் சாரம். துப்பாக்கி மனம் மாற நேரம் கொடுக்காத பொருள். மற்றபடி அந்த ராத்திரியைத் தாண்டி வந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்துதான் விடுகிறார்கள். நாயகன் அந்த ராத்திரியைத் தாண்டி, விடிந்து, முகம் கழுவும் காட்சியை எழுத உங்களுக்குத் தெரியாதா என்ன.

படமாக்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1993-இல் நடிகர் பிராண்டன் லீ, 2021-இல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ். இருவரும் படப்பிடிப்பில், துப்பாக்கியால் இறந்தவர்கள். குழல்வாய் நெருப்பைக் கணினியில் சேர்க்க முடிகிற காலம் இது. முத்தக் காட்சியில் நடிகையின் கன்னத்தில் உரசும் துப்பாக்கி நிஜத் துப்பாக்கியாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. அது ரப்பராக இருந்தாலும், அடுத்த ஷாட்டில் விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். புதிதாக வருகிறவர்கள் முதல்முறை கையில் எடுத்ததும் விரல் நேராக விசைக்குள் போகிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் "படத்துல" என்கிறார்கள். அந்த ஒரு பழக்கத்தை மாற்றவே எனக்கு ஒரு வாரம் ஆகிறது.

துப்பாக்கியையே எழுதாதீர்கள் என்று நான் சொல்வேனா? எனக்கே அது பிரியமான பொருள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, முன்குறியைத் தவிர உலகத்தில் வேறொன்றுமில்லை என்று ஆகும் அந்த இரண்டு நொடிக்காகத்தான் இத்தனை வருடமாக விடியற்காலையில் எழுந்து போகிறேன்.

எங்கள் ரேஞ்சில் ஒரு வயதான தம்பதி உண்டு. இருவரும் சுடுவார்கள், அவர்தான் அடிக்கடி தோற்பார். கிளம்பும்போது அவர் தன் பிஸ்டலின் ஸ்லைடைத் திறந்து அந்த அம்மாவிடம் காட்டுவார். அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவி, "ம்" என்பார். பிறகு அம்மா தன்னுடையதைக் காட்ட, அவர் பார்ப்பார். ஒரு நாளும் தவறியதில்லை. "அவ்வளவு நம்பிக்கையில்லையா உங்களுக்கு?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "இவளைத் தவிர வேற யாருகிட்டயும் காட்ட மாட்டேன்" என்றார் அவர். இரண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். தோட்டா தனிப் பெட்டி. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி அம்மாவிடம்.

இந்தக் காட்சியை இதுவரை எந்தக் காதல் நாவலிலும் நான் படித்ததில்லை. உங்களில் யாராவது எழுதினால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி